கணினிக் கேள்வி–பதில்: ஆரஞ்சு நிறச் சின்னத்தை அழுத்தினால் என்ன ஆகிறது?

இணையதளங்களின் செய்தியோடைகளுக்குச் சந்தா செய்து படிப்பது குறித்து, புதிதாக முயல்பவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் தவறாமல் படிக்கும் ஓர் இணையதளத்தின் அடிப்பகுதியில் ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளும் கொண்ட சின்னம் இருக்கிறது. அருகில் ‘சந்தா’ என்று எழுதியிருந்ததால் அழுத்தினேன். திரை முழுவதும் கோண அடைப்புக்குறிகளும் ஆங்கிலச் சொற்களுமாக என்னவோ வந்து நின்றது. வேறொரு கணினியில் முயன்றபோது ஒரு கோப்பு தரவிறங்கியது. கோளாறு என் கணினியிலா, அந்தத் தளத்திலா?

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. நீங்கள் பார்த்ததுதான் செய்தியோடை. ரீடர் எனப்படும் செயலி படித்துப் புரிந்துகொள்வதற்காக எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட கோப்பு அது. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்ற நோக்கம் அதற்குக் கிடையாது. ஒரு காலத்தில் உலாவிகளே இந்தக் கோப்பை ஒழுங்காகக் காட்டிச் சந்தா செய்யவும் வழி வைத்திருந்தன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்புடன் அந்த வசதியை எடுத்துவிட்டது. சின்னம் பக்கங்களில் தங்கிவிட்டது. அதை அழுத்துகிறவருக்கு உலாவி உதவுவது நின்றுவிட்டது. புதியவர்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த முறை அந்தக் கோப்பு திறந்தால் உடனே மூடிவிடாமல், மேலிருந்து கீழாக ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தலைப்பகுதியில் தளத்தின் பெயரும் முகவரியும் ஒரு வரி அறிமுகமும் இருக்கும். அதன் கீழே ஒரே மாதிரியான கட்டங்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு கட்டமும் ஒரு கட்டுரையைக் குறிக்கும்: தலைப்பு, அந்தக் கட்டுரையின் முகவரி, வெளியான நாளும் நேரமும், சுருக்கமோ முழுக் கட்டுரையோ, கடைசியாக அந்தக் கட்டுரைக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளக் குறி. புதிய கட்டுரை வெளியாகும்போது தளத்தை இயக்கும் மென்பொருள் அதற்கான கட்டத்தை மேலே சேர்த்து, கீழே உள்ள மிகப் பழைய கட்டத்தை நீக்கிவிடுகிறது. உங்கள் ரீடர் குறிப்பிட்ட இடைவெளியில் இந்தக் கோப்பைப் போய்ப் பார்த்து, முன்பு பார்த்த அடையாளக் குறிகளோடு ஒப்பிட்டு, புதிதாக இருப்பவற்றை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறது.

ஆக, தளம் உங்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. பொது இடத்தில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் போல ஒரு கோப்பை அது வைத்திருக்கிறது. உங்கள் சார்பில் ரீடர்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அந்தச் சின்னத்தின் மீது வலப்பக்கச் சொடுக்கோ நீண்ட அழுத்தமோ கொடுத்து இணைப்பின் முகவரியை நகலெடுங்கள். ரீடர் செயலியில் ஓடையைச் சேர்ப்பதற்கான கட்டத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: சந்தா என்றால் கட்டணம் உண்டா? மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டுமா? நான் சந்தா செய்திருப்பது தளத்தை நடத்துபவருக்குத் தெரியுமா?

பதில்: பொதுவான ஓடைகளுக்குக் கட்டணம் இல்லை, மின்னஞ்சல் முகவரியும் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு அங்கே வாய்ப்பே இல்லை, ஏனென்றால் சந்தாதாரர் பட்டியல் என்ற ஒன்றைத் தளம் வைத்திருப்பதில்லை. எந்த ஓடைகளைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் உங்கள் ரீடரில்தான் இருக்கிறது. விலக வேண்டுமானால் அங்கிருந்து நீக்கிவிட்டால் போதும், ‘ஏன் விலகுகிறீர்கள்?’ என்ற கேள்வியோ, விலகிய பிறகும் வந்துகொண்டே இருக்கும் மடல்களோ இருக்காது.

அதற்காக முழு மறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ரீடர் உங்கள் கைபேசியிலிருந்தே நேராகப் போய்க் கோப்பை எடுத்தால், இணையத்தில் உங்கள் கருவியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி தளத்தின் பதிவேட்டில் விழும். எந்தச் செயலி வந்தது என்பதும் தெரியும். இணையச் சேவையாக இயங்கும் ரீடரைப் பயன்படுத்தினால், அந்தச் சேவையின் வழங்கிதான் (சர்வர்) எல்லோர் சார்பிலும் ஒரே முறை கோப்பை எடுக்கிறது. எத்தனை பேருக்காக எடுக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் சில சேவைகள் தளத்துக்குச் சொல்கின்றன. ஆனால் நீங்கள் எதையெல்லாம் படிக்கிறீர்கள் என்பது அந்தச் சேவைக்குத் தெரிந்துவிடும். யாரிடம் தெரிந்தால் பரவாயில்லை என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான். மேலும், கட்டுரைக்குள் இருக்கும் படங்கள் தளத்திலிருந்தோ வேறிடத்திலிருந்தோ இறங்குபவை. நீங்கள் எப்போது கட்டுரையைத் திறந்தீர்கள் என்பதை அவற்றின் வழியாக ஊகிக்க முடியும். இது உறுத்தினால், படங்களைத் தானாக இறக்காத அமைப்பு உங்கள் ரீடரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் பின்தொடர விரும்பும் தளத்தில் ஆரஞ்சுச் சின்னமே இல்லை. ஓடை இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சின்னம் இல்லாத தளங்களிலும் ஓடை இருப்பது வழக்கம். பல தளங்களில் உரிமையாளருக்கே தெரியாமல் மென்பொருள் தானாக ஓடையை உருவாக்கிக்கொண்டிருக்கும்.

முதலில், தளத்தின் முகப்பு முகவரியையே ரீடரில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், ‘இந்தத் தளத்தின் ஓடை இந்த முகவரியில் இருக்கிறது’ என்று செயலிகளுக்குச் சொல்லும் ஒரு வரியைப் பல தளங்கள் வைத்திருக்கின்றன. ரீடர் அதைத் தானே தேடிக் கண்டுபிடித்துவிடும். பத்தில் எட்டு முறை என்றெல்லாம் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

அது பலிக்காவிட்டால், தளம் எந்த மென்பொருளில் இயங்குகிறது என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் இயங்கும் தளமானால், முகப்பு முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு இட்டு ‘ஃபீட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் பெரும்பாலும் ஓடை திறந்துவிடும். வேர்ட்பிரஸில் ஒரு குறிப்பிட்ட பிரிவின் பக்கத்துக்கோ ஒரு குறிப்பிட்ட எழுத்தாளரின் பக்கத்துக்கோ சென்று அதே சொல்லைச் சேர்த்தால், அந்தப் பிரிவுக்கோ எழுத்தாளருக்கோ மட்டும் உரிய ஓடை கிடைக்கும். முழுத் தளமும் வேண்டாம், ஒருவர் எழுதுவது மட்டும் போதும் என்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஏனோ இதைப் பலர் அறிந்திருப்பதில்லை. யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு. அலைவரிசைப் பக்கத்தின் முகவரியை ரீடரில் ஒட்டினால் பெரும்பாலான ரீடர்கள் ஓடையைப் பிடித்துக்கொள்ளும். அதில் அண்மைய 15 காணொளிகள் இருக்கும்.

இதற்கும் அகப்படாவிட்டால் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து, ஓடை எழுதப்படும் இரு வடிவங்களின் பெயர்களான ‘ஆர்எஸ்எஸ்’, ‘ஆட்டம்’ ஆகிய சொற்களை ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், தளத்தை நடத்துபவருக்கு ஒரு மடல் எழுதிக் கேட்பது மேல். சில வேளைகளில் ஓர் அமைப்பை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ஒரே தளத்தில் ‘ஆர்எஸ்எஸ்’ என்று ஓர் இணைப்பும் ‘ஆட்டம்’ என்று ஓர் இணைப்பும் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: எதை எடுத்தாலும் உங்கள் திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரு வடிவங்கள். இன்றைய ரீடர்கள் இரண்டையும் படிக்கும்.

இரண்டு ஏன் வந்தன என்பது தனிக் கதை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கச் சேவைக்காக ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டது. பிறகு அந்நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள, அதை எப்படி வளர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு முற்றி, 2000 டிசம்பரில் ஒரு குழு 1.0 என்றும் மற்றொரு தரப்பு 0.92 என்றும் தனித்தனியே வெளியிட்டன. இரண்டாவது தரப்பின் வழியில் 2002இல் வந்த 2.0 பதிப்புதான் இன்று பரவலாக இருப்பது, அதாவது 1.0இலிருந்து 2.0 பிறக்கவில்லை. இந்தக் குழப்பத்தால் சலித்தவர்கள் புதிதாக உருவாக்கிய வடிவம்தான் ‘ஆட்டம்’. அது 2005 டிசம்பரில் முறையான இணையத் தரமாக வெளியானது. ஓடையை உருவாக்குபவர்களுக்கு ‘ஆட்டம்’ மேல் என்பேன். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: சில மாதங்களுக்கு முன் படித்து முடித்த கட்டுரைகள் எல்லாம் ஒரே நாளில் ‘படிக்காதவை’ என்று மறுபடியும் வந்து நிற்கின்றன. ரீடரை மாற்ற வேண்டுமா?

பதில்: ரீடரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, சிக்கல் அதில்தான். பல தளங்கள் கட்டுரையின் இணைய முகவரியையே அடையாளக் குறியாக வைக்கின்றன. தளம் ஒருநாள் பெயரை மாற்றிக்கொள்கிறது, அல்லது பாதுகாப்பான இணைப்புக்கு மாறி முகவரியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து கூடுகிறது என்று வையுங்கள். கட்டுரை அதுவே, தலைப்பும் நாளும் அவையே. ஆனால் அடையாளக் குறி மாறிவிட்டது. ரீடர் தன் குறிப்பேட்டில் தேடிப் பார்த்து, இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை என்று முடிவு கட்டி, கோப்பில் இருக்கும் அத்தனையையும் புதியவையாக வரிசையில் நிறுத்திவிடுகிறது. இது ஒருமுறை நடந்து ஓய்ந்துவிடும். அனைத்தையும் படித்ததாகக் குறித்துவிட்டு நகருங்கள்.

ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தால், ஓடை சரியாக எழுதப்படவில்லை என்று பொருள். ஆர்எஸ்எஸ் 2.0இன் விதிப்படி ஒரு கட்டத்தில் தலைப்போ விவரமோ இரண்டில் ஒன்று இருந்தாலே போதும்; அடையாளக் குறியும் நாளும் கட்டாயமில்லை. அவை இல்லாத ஓடையும் விதிப்படி சரியான ஓடைதான். அப்போது எது பழையது, எது புதியது என்று ரீடர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அதற்குப் புதிய கட்டுரையாகத் தோன்றலாம். ‘ஆட்டம்’ வடிவத்திலோ அடையாளக் குறி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டாயம். அதை மேல் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: நன்றாக வந்துகொண்டிருந்த ஓர் ஓடை திடீரென்று ‘பிழை’ என்று காட்டுகிறது. தளமோ ஒழுங்காகத் திறக்கிறது.

பதில்: எக்ஸ்எம்எல் கண்டிப்பானது. சாதாரண இணையப் பக்கத்தில் ஒரு குறி தவறினாலும் உலாவி சமாளித்துக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் கோப்பில் அப்படி நடக்காது. இரண்டு பெயர்களை இணைக்கப் பயன்படும் & என்ற குறி அந்த மொழியில் தனிப் பொருள் உடையது. யாராவது தலைப்பில் அதை மாற்று வடிவில் எழுதாமல் அப்படியே போட்டுவிட்டால், அந்த ஒரு குறியால் முழு ஓடையும் படிக்க முடியாததாகிவிடும். ஓரிரு நாள் பொறுங்கள். அந்தக் கட்டுரை கோப்பிலிருந்து வெளியேறியதும் தானே சரியாகிவிடவும் கூடும். பொறுமை இல்லாதவர்கள், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இலவசமாக நடத்தும் ஓடைச் சரிபார்ப்புச் சேவையில் முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும். அதைத் தள உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள். அவருக்குப் பெரும்பாலும் இது தெரிந்திருக்காது.

கேள்வி: இரண்டு வாரம் கைபேசியில் ரீடரைத் திறக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தபோது நடுவில் வெளியான சில கட்டுரைகள் வரவில்லை. எங்கே போயின?

பதில்: கோப்பின் கீழ் முனையிலிருந்து வெளியேறிவிட்டன. வேர்ட்பிரஸ் தளத்தின் ஓடையில் இயல்பாக அண்மைய 10 கட்டுரைகள்தான் இருக்கும். நாளுக்கு ஒன்று வெளியிடும் தளமானால் 14 நாளில் 14 கட்டுரைகள். உங்கள் ரீடர் போய்ப் பார்த்தபோது 10தான் இருந்திருக்கும். மீதி 4 தளத்தில் பத்திரமாக இருக்கின்றன, ஓடையில்தான் இல்லை. நீங்கள் திறக்காதபோதும் பின்னணியில் புதுப்பிக்கும்படி செயலியை அமைக்கலாம். இல்லாவிட்டால் இணையச் சேவையாக இயங்கும் ரீடருக்கு மாறலாம்; அதன் வழங்கி நீங்கள் உறங்கும்போதும் போய்ப் பார்த்துச் சேர்த்து வைக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்த ரீடரைத் தேர்ந்தெடுப்பது? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பதில்: எத்தனை கருவிகளில் படிக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே கைபேசியிலோ ஒரே கணினியிலோ படிப்பவருக்கு, அதிலேயே இயங்கும் இலவசச் செயலி போதும். ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஆப்பிள் கருவிகளில் நெட்நியூஸ்வயர் ஆகியவை திறமூலச் செயலிகள். கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டைப் பயன்படுத்துபவர்கள் வேறு எதையும் நிறுவ வேண்டாம். அதற்குள்ளேயே ஓடை படிக்கும் வசதி இருக்கிறது. கைபேசியில் படித்தது கணினியிலும் ‘படித்தது’ என்று காட்ட வேண்டுமானால் ஃபீட்லி, இனோரீடர் போன்ற சேவைகளில் கணக்குத் தொடங்குங்கள். சொந்த வழங்கி வைத்திருப்பவர்கள் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் இந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்ப மாட்டார்கள்.

கேள்வி: ஆர்வத்தில் நிறைய ஓடைகளைச் சேர்த்துவிட்டேன். இப்போது படிக்காதவை ஆயிரத்துக்கு மேல். திறக்கவே மலைப்பாக இருக்கிறது.

பதில்: நாளுக்கு நூறு செய்தி வெளியிடும் தளத்தை ஓடையில் சேர்த்தீர்களா? பெரும்பாலோர் அதைத்தான் முதலில் சேர்க்கிறார்கள். அதுதான் ஓடைக்குச் சற்றும் பொருந்தாதது. அத்தகைய தளத்தில் எது முக்கியம் என்று ஓர் ஆசிரியர் குழு யோசித்து முகப்புப் பக்கத்தை அடுக்கி வைத்திருக்கிறது. ஓடையிலோ முக்கியச் செய்தியும் உதிரிச் செய்தியும் நேர வரிசையில் ஒரே அளவில் வந்து விழும். அதற்கு முகப்புப் பக்கமே போதும். ஓடையின் அருமை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுபவரிடம் தெரியும். அவர் எப்போது எழுதுவார் என்று நாம் நாள்தோறும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மறந்துவிடுவோம். ரீடர் மறக்காது. துறை வல்லுநர் ஒருவரின் தனிப்பட்ட பக்கம், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் புதிய பதிப்பு அறிவிப்பு, எப்போதாவது வெளிவரும் ஆய்விதழ் என்று அரிதாகப் பேசும் இடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

இருக்கும் ஆயிரத்தையும் படித்ததாகக் குறித்துவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் கவனித்து, தலைப்பைப் பார்த்ததுமே தள்ளிவிடுகிற ஓடைகளை நீக்கிவிடுங்கள். நீக்கியது யாருக்கும் தெரியாது; யாரும் வருத்தப்படப் போவதுமில்லை.

கேள்வி: சில ஓடைகளில் முழுக் கட்டுரை வருகிறது, சிலவற்றில் இரண்டு வரிதான் வருகிறது. ஏன்?

பதில்: அது தள உரிமையாளரின் தேர்வு. வாசகர் தளத்துக்கு வந்தால்தான் விளம்பர வருவாய் என்பவர்கள் சுருக்கத்தை மட்டும் வைக்கிறார்கள். சில ரீடர்கள் பக்கத்துக்கே போய் முழு உரையை எடுத்துக் காட்டும்.

கேள்வி: பாட்காஸ்ட் கேட்கும் செயலியிலும் ‘சந்தா’ என்று இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான். ஓடையின் கட்டத்துக்குள் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை ஆகிய மூன்றையும் சொல்லும் ஒரு வரி கூடுதலாக இருக்கும். பாட்காஸ்ட் செயலி அதைப் பார்த்து ஒலியை இறக்கிக்கொள்கிறது. ஓடை என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லும் பலர் நாள்தோறும் இப்படி அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே ஒரு செயலிக்குள் மட்டும் கிடைக்கும் நிகழ்ச்சிகளுக்குப் பொது ஓடை இருக்காது.

கேள்வி: கூகுள் ரீடர் மூடப்பட்டதோடு இதெல்லாம் முடிந்துவிட்டது என்று நண்பர் சொல்கிறார். நான் இப்போது தேர்ந்தெடுக்கும் ரீடரும் நாளை மூடப்பட்டால்?

பதில்: கூகுள் ரீடர் 2005இல் தொடங்கி 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது உண்மை. மூடப்பட்டது ஒரு ரீடர். தளங்களில் இருந்த கோப்புகள் அப்படியே இருந்தன. வேறு ரீடருக்கு மாறியவர்கள் அன்றே தொடர்ந்து படித்தார்கள்.

மாறுவதற்கு வேண்டியது உங்கள் சந்தாப் பட்டியல் மட்டும்தான். ஏறத்தாழ எல்லா ரீடர்களும் அந்தப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற வடிவில் ஒரு கோப்பாக வெளியே எடுக்க விடுகின்றன. புதிய ரீடரில் அதை உள்ளிட்டால் அத்தனை ஓடைகளும் கோப்புறைகளோடு வந்து சேர்ந்துவிடும். படித்தவை எவை, சேமித்தவை எவை என்ற விவரம் அதில் வராது. புதிய ரீடரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அவ்வப்போது ஒரு நகலை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்ப நினைத்தால் மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். கட்டணம் செலுத்திய நிகழ்ச்சிகளுக்கு உங்களுக்கென்று தனி ஓடை முகவரி தந்திருப்பார்கள். அந்த முகவரிக்குள்ளேயே உங்கள் திறவுகோல் எழுத்துகள் இருக்கும். பட்டியலோடு அதுவும் போய்விடும். அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.